டிவி பாக்ஸில் கோர்எலெக்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸில் இருப்பது அம்லாஜிக் எஸ்905எக்ஸ்3 சிப், 4 ஜிபி ரேம். கோடி மீடியா பிளேயரை ஓட்டுவதற்கான லினக்ஸ் இயங்குதளமான கோர்எலெக்கைப் போட்டுப் பார்க்க ஆசை. ஆனால் ஆண்ட்ராய்டு போய்விடக் கூடாது. வழி உண்டா?

பதில்: உண்டு. மைக்ரோ எஸ்டி கார்டிலிருந்தே ஓட்டுங்கள். கார்டை எடுத்துவிட்டால் பழையபடி ஆண்ட்ராய்டு வரும். 8 ஜிபி கார்டு போதும். ஆனால் தரமான கார்டாக வாங்குங்கள்.

உங்கள் சிப்புக்குப் பொருந்துவது கோர்எலெக் 21இன் ‘அம்லாஜிக்-என்ஜி’ ஜெனரிக் இமேஜ் (கார்டில் எழுத வேண்டிய ஃபைல்). ‘என்இ’ என்றிருப்பது எஸ்905எக்ஸ்4 போன்ற புதிய சிப்புகளுக்கு. எட்சர் மென்பொருளால் கார்டில் எழுதியதும் விண்டோஸ் ஏதோ ஒரு பகுதியை ஃபார்மட் செய்யவா என்று கேட்கலாம். வேண்டாம் என்று மூடிவிடுங்கள்.

அடுத்த கட்டத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கார்டில் ‘டிவைஸ் ட்ரீஸ்’ என்றொரு ஃபோல்டர் இருக்கும். பாக்ஸின் வன்பொருளை கோர்எலெக்குக்கு விவரிக்கும் ஃபைல்கள் அதில் இருக்கும். அதிலிருந்து எஸ்எம்1, எஸ்905எக்ஸ்3, 4ஜி என்று பெயரில் வரும் ஃபைலை எடுத்து, ஃபோல்டருக்கு வெளியே காப்பி செய்து, ‘டிடிபி.ஐஎம்ஜி’ (dtb.img) என்று பெயர் மாற்றுங்கள். பாக்ஸின் லேன் போர்ட் கிகாபிட் என்றால் பெயரில் ‘1ஜிபிட்’ சேர்ந்த ஃபைல். 100 எம்பிபிஎஸ் என்றால் அது சேராதது. இதை மாற்றிப் போட்டால் எல்லாம் ஓடும், லேன் மட்டும் வேலை செய்யாது. பெட்டியின் மேல் அச்சடித்த ரேம் அளவை அப்படியே நம்பாதீர்கள். 2 ஜிபி பாக்ஸுக்கு 4ஜி ஃபைல் போட்டால் லோகோவிலேயே நின்றுவிடும்.

பவரைப் பிடுங்கிவிட்டுக் கார்டைச் செருகுங்கள். பல பாக்ஸ்களில் ரீசெட் பட்டன் ஏவி துளைக்குள் ஒளிந்திருக்கும். பல் குத்தும் குச்சியை உள்ளே விட்டால் ‘க்ளிக்’ என்று அழுந்துவது விரலுக்குத் தெரியும். ஊசி, கம்பி எதுவும் வேண்டாம். அழுத்தியபடியே பவர் கொடுத்து, லோகோ வந்ததும் விடுங்கள். முதல் முறை கார்டின் இடத்தை விரித்துக்கொண்டு தானே ரீஸ்டார்ட் ஆகும், நடுவே அணைக்காதீர்கள். ரிமோட் வேலை செய்யாமல் போகலாம் என்பதால் யுஎஸ்பி கீபோர்டு ஒன்று கையில் இருக்கட்டும்.

கட்டணம் கட்டிப் பார்க்கும் ஓடிடி ஆப்கள் கோர்எலெக்கில் ஓடாது. அதற்காகவாவது ஆண்ட்ராய்டை வைத்திருங்கள். சில வாரம் கார்டில் ஓட்டிப் பார்க்காமல் உள் மெமரியில் நிறுவ வேண்டாம்.

கேள்வி: யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் செருகினால் பாக்ஸ் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகிறது. மென்பொருள் கோளாறா?

பதில்: பெரும்பாலும் மின்சாரம் போதாததுதான். 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரால் பாக்ஸையும் சுழலும் டிஸ்க்கையும் சேர்த்துத் தாங்க முடிவதில்லை. தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப்பில் டிஸ்க்கை மாட்டுங்கள்.

கேள்வி: மலிவாக வாங்கிய டி95 பாக்ஸில் மால்வேர் இருக்கிறதாமே, ஃபேக்டரி ரீசெட் செய்தால் போய்விடுமா?

பதில்: போகாது. 2023 ஜனவரியில் டி95 பாக்ஸ் ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்ட மால்வேர் ஃபர்ம்வேரிலேயே, அதாவது பாக்ஸோடு வரும் அடிப்படை மென்பொருளிலேயே கலந்திருந்தது. ரீசெட் செய்தால் அதே ஃபர்ம்வேர்தான் மறுபடி எழும். அந்த பாக்ஸில் இருந்தது ஆல்வின்னர் எச்616 சிப் என்பதால் அம்லாஜிக்குக்கான கோர்எலெக்கும் கைகொடுக்காது. உங்களுடையதும் அதே சிப் என்றால் வீட்டு வைஃபையிலிருந்து துண்டித்துவிடுங்கள். அதில் கூகுள் கணக்கில் நுழைந்திருந்தால் பாஸ்வேர்டை வேறு கருவியிலிருந்து உடனே மாற்றுங்கள்.