எண்பது கோல் அடித்தும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

1937-38இல் மான்செஸ்டர் சிட்டி கால்பந்து அணி, அன்று இங்கிலாந்தின் உச்ச நிலை லீக்கான முதல் டிவிஷனிலிருந்து அடுத்த நிலைக்கு இறக்கப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். பழைய புள்ளிப்பட்டியலைத் தேடிப் பார்த்தேன். அந்த ஆண்டு முதல் டிவிஷனில் அதிக கோல் அடித்ததே அவர்கள்தான், 80! சாம்பியனான ஆர்சனல்கூட 77தான். இது அச்சுப்பிழையா? இல்லையென்றால், அதற்கு முந்தைய ஆண்டு சிட்டி சாம்பியன் ஆனது வெறும் குருட்டு அதிர்ஷ்டமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

அச்சுப்பிழை இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. 1936-37இல் சிட்டி அடித்தது 107 கோல். முன்கள வீரர் பீட்டர் டோஹர்ட்டி மட்டும் 30. கடைசி 22 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அடுத்த ஆண்டும் டோஹர்ட்டி இருந்தார், இன்னொரு முன்கள வீரர் எரிக் புரூக் இருந்தார், கோல் கம்பத்தின் கீழே ஃபிராங்க் ஸ்விஃப்ட் நின்றார். இந்தக் கதையை எல்லோரும் வேடிக்கையாகவே சொல்கிறார்கள். எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை.

கோல்கள் குவியல் குவியலாக வந்தன, அதுதான் சிக்கல். டெர்பி கவுண்டியை அவர்கள் ஊரிலேயே 7-1 என்று அடித்தார்கள், சொந்த மைதானத்தில் 6-1. மொத்தம் 13 கோல். ஆனால் வெற்றிக்கு இரண்டு புள்ளி என்பது அன்றைய கணக்கு. ஏழு போட்டாலும் இரண்டுதான், ஒன்று போட்டாலும் இரண்டுதான். வாங்கிய கோலும் 77. கடைசியில் 14 வெற்றி, 8 டிரா, 20 தோல்வி, 36 புள்ளி.

இன்னொன்றையும் பட்டியலில் பாருங்கள். முதலிடத்து ஆர்சனலுக்கு 52 புள்ளி, கடைசி இடத்து வெஸ்ட் பிராம்விச்சுக்கு 36. 22 அணிகளும் 16 புள்ளிக்குள் நெருக்கியடித்து நின்ற ஆண்டு அது. சிட்டிக்கு நேர் மேலே நான்கு அணிகள் 38 புள்ளியோடு நின்றன. அவற்றில் ஒன்றான கிரிம்ஸ்பி அந்த ஆண்டு முழுக்க அடித்ததே 51 கோல்தான்! சிட்டியை மோசமான அணி என்று சொல்ல எனக்கு மனம் வராததற்கு இதுதான் காரணம்.

கடைசி ஆட்டம் ஹடர்ஸ்ஃபீல்டில். அந்த ஊர் அணியும் இறங்கும் விளிம்பில்தான் நின்றது. சரியாக ஒரு வாரம் முன்புதான், லீக்கிலிருந்து தனியான நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையின் இறுதியில், கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் வந்த பெனால்டியால் பிரஸ்டனிடம் தோற்றிருந்தது. சிட்டி ஜெயித்திருந்தால் ஹடர்ஸ்ஃபீல்டு இறங்கியிருக்கும். ஆனால் ஹடர்ஸ்ஃபீல்டு 1-0 என்று ஜெயித்தது. அவ்வளவு கோல் அடித்த சிட்டிக்கு அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை. நடப்பு சாம்பியன் மறு ஆண்டே இறக்கப்பட்டது இங்கிலாந்தில் அந்த ஒரு முறைதான்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. புள்ளி சமமானால் அடித்த கோலை வாங்கிய கோலால் வகுத்துப் பார்ப்பார்கள். அந்தக் கணக்கில் சிட்டி தன் மேலே இருந்த நால்வரையும்விட மேல். ஆனால் அது வரைக்கும் போகவே இல்லை, இரண்டு புள்ளி குறைவு. அதே ஆண்டு இரண்டாம் டிவிஷனில் ஷெஃபீல்டு யுனைடெட்டும் இன்னொரு அணியும் ஆளுக்கு 53 புள்ளி. இதே வகுத்தல் கணக்கால் அந்த இன்னொரு அணி முதல் டிவிஷனுக்கு ஏறியது. அது மான்செஸ்டர் யுனைடெட்.