பழைய ஹாலிவுட்டின் தன்பாலீர்ப்பு நடிகைகள்: கேள்வி பதில்

மௌனப்படக் காலம் முதல் 1960கள் வரை, பெண்களைக் காதலித்த திரை நடிகைகள் தங்கள் வாழ்க்கையை எப்படி மறைத்து வாழ்ந்தார்கள் என்பது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். முன்கூட்டியே ஒரு வேண்டுகோள். ஒரு நடிகையின் பெயரை எழுதி "இவரும் அப்படித்தானா?" என்று மட்டும் கேட்பவர்கள் என்னிடம் பதில் எதிர்பார்க்க வேண்டாம். கடிதம், ஒப்பந்தம், நீதிமன்ற வழக்கு, ஒரே வீட்டில் சேர்ந்து கழித்த நாற்பது ஆண்டுகள் என்று எடுத்துக்காட்ட ஏதாவது இருக்கும் இடத்தில்தான் நான் வாய் திறப்பேன்.

கேள்வி: ஓரினச்சேர்க்கை நடிகைகள் ஏன் அவ்வளவு பயந்தார்கள்? சட்டம் காரணமா? (சேலம்)

முதலில் சொல்லைத் திருத்திக்கொள்வோம். "ஓரினச்சேர்க்கை" என்பது ஒரு வாழ்க்கை முழுவதையும் படுக்கையறைக்குள் சுருக்கிவிடுகிறது. தன்பாலீர்ப்பு என்று எழுதுங்கள். லெஸ்பியன் என்றாலும் குற்றமில்லை.

சட்டத்தைவிட ஒப்பந்தத்துக்குத்தான் அவர்கள் அதிகம் பயந்தார்கள். 1921இல் நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிள் ஓர் இளம்பெண்ணின் மரணம் தொடர்பாகக் கைதானதும், ஸ்டுடியோக்கள் தங்கள் நடிகர்களின் ஒப்பந்தங்களில் ஒழுக்க விதி ஒன்றைச் சேர்க்கத் தொடங்கின. பொதுமக்களின் வெறுப்புக்கு ஆளாகும்படி ஒருவர் நடந்துகொண்டால் ஊதியத்தை நிறுத்தி வெளியேற்றலாம் என்பதே அதன் சாரம். குற்றம் நிரூபணமாக வேண்டும் என்பதில்லை, பேச்சு கிளம்பினாலே போதும் என்ற நிலை. அடுத்து, ஸ்டுடியோக்களால் 1930இல் ஏற்கப்பட்டு 1934 முதல் தணிக்கைத் தலைவர் ஜோசப் பிரீனின் கையில் கடுமையாக நடைமுறைக்கு வந்த திரைப்படத் தயாரிப்பு நெறிமுறை, "பாலியல் பிறழ்வு" என்று தான் அழைத்ததைத் திரையில் காட்டுவதை மட்டுமல்ல, குறிப்பாக உணர்த்துவதையும் தடுத்தது. ஆக, வாழ்க்கையை ஒப்பந்தமும் கதையை நெறிமுறையும் காவல் காத்தன.

மறைக்க மறுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் ஆண் நடிகரே சாட்சி. எம்ஜிஎம்மின் முன்னணி நாயகனாக இருந்த வில்லியம் ஹெய்ன்ஸ் தன் துணைவரைக் கைவிட்டு ஒரு பெண்ணை மணக்க மறுத்ததால் 1930களின் தொடக்கத்தில் அந்த நிறுவனத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர் வீட்டு உள்ளலங்காரக் கலைஞராகி, அதே துணைவருடன் சாகும்வரை வாழ்ந்தார். அவருக்கு நேர்ந்ததை மற்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

கேள்வி: ஊருக்காகச் செய்துகொண்ட திருமணங்கள் உண்மையிலேயே நடந்தனவா? (திருநெல்வேலி)

நடந்தன. நடக்காமலே நடந்ததாகச் சொல்லப்பட்டதும் உண்டு. அதில் எனக்கு மிகவும் பிடித்த கதை அல்லா நஸிமோவாவுடையது.

கிரிமியாவின் யால்டாவில் 1879இல் பிறந்து, 1905இல் அமெரிக்கா வந்து, இப்சன் நாடகங்களால் நியூயார்க்கை வென்று, பிறகு மெட்ரோ நிறுவனத்தின் மிக உயர்ந்த ஊதியம் பெற்ற நட்சத்திரங்களில் ஒருவரானவர் அவர். நடிகர் சார்லஸ் பிரயன்ட்டைத் தன் கணவர் என்று 1912 முதல் ஊருக்குச் சொல்லி வந்தார். ஆனால் ரஷ்யாவில் செய்துகொண்ட முதல் திருமணமே சட்டப்படி முறிந்திருக்கவில்லை. பிரயன்ட்டுடன் திருமணம் நடக்கவும் இல்லை. 1925இல் பிரயன்ட் வேறொரு பெண்ணை மணந்தபோது, உரிமப் படிவத்தில் தன்னை மணமாகாதவர் என்று குறிப்பிட்டுவிட்டார். செய்தியாளர்களின் கண் அதில் பட்டது. பதின்மூன்று ஆண்டு மனைவி என்று உலகம் நம்பிய ஒருவர், ஒரே சொல்லில் யாருக்கும் மனைவி இல்லை என்றாகிப்போனார். அத்தனை கவனமாகக் கட்டிய நாடகத்தைக் கவிழ்த்தது எதிரியுமல்ல, வம்புப் பத்திரிகையுமல்ல, ஓர் அலுவலகப் படிவம்.

பெண்களைக் காதலித்த நடிகைகளின் நட்பு வட்டத்தைக் குறித்த "தையல் வட்டம்" என்ற குழூஉக்குறியும் அவர் உருவாக்கியதாகவே சொல்லப்படுகிறது.

கேள்வி: நஸிமோவாவின் சலோமி படத்தில் நடித்த எல்லோருமே தன்பாலீர்ப்பினர் என்று படித்தேனே? (சென்னை)

நானும் படித்திருக்கிறேன், சான்றைத்தான் பார்த்ததில்லை. ஒவ்வொரு நடிகரையும் யார் எப்போது விசாரித்துப் பட்டியலிட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தன் சொந்தப் பணத்தைக் கொட்டி அவர் 1922இல் எடுத்த அந்தப் படத்தில், ஆங்கில ஓவியர் பியர்ட்ஸ்லியின் ஓவியங்களைப் பின்பற்றி நடாச்சா ரம்போவா வடிவமைத்த உடைகளும் அரங்குகளும் பேசத் தகுந்தவை. அவற்றை விட்டுவிட்டு நாம் தலையை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: நம் கறுப்பு வெள்ளைக் காலத் தமிழ் நடிகைகளில் யாராவது? (விழுப்புரம்)

மேலே உள்ள வேண்டுகோளைப் படியுங்கள்.

கேள்வி: மார்லீன் டீட்ரிச் ஆண் உடையில் முத்தமிட்டது வெறும் நடிப்பா, வாழ்க்கையா? (புதுச்சேரி)

இரண்டும். 1930இல் வந்த மொராக்கோ படத்தில், வாலுடைய கறுப்புக் கோட்டும் உயரமான தொப்பியும் அணிந்து பாடி முடித்தவர், மேசையருகே இருக்கும் ஒரு பெண்ணிடமிருந்து பூவைக் கேட்டு எடுத்து, முகர்ந்து, சட்டென்று குனிந்து அவள் உதட்டில் முத்தமிடுகிறார். கூட்டம் சிரித்துக் கைதட்டுகிறது. பின்னர் அந்தப் பூவைக் கேரி கூப்பரிடம் வீச, அவர் அதைக் காதில் செருகிக்கொள்கிறார். முத்தத்தை வெட்டினால் பூ எங்கிருந்து வந்தது என்பதே புரியாது. தணிக்கைக்காரனின் கத்தரிக்கு இதைவிட நல்ல பூட்டு கிடையாது.

ஆனால் அவரைத் தன்பாலீர்ப்புப் பெண் என்று எழுதுவது தவறு. ஆண்களையும் பெண்களையும் காதலித்தவர்; இருபாலீர்ப்பு என்பதே சரி. 1923இல் மணந்த ருடால்ஃப் சீபரிடமிருந்து அவர் 1976இல் இறக்கும்வரை மணவிலக்குப் பெறவும் இல்லை.

கேள்வி: கார்போ, டீட்ரிச் இருவரையும் காதலித்த ஒரு பெண் எங்கள் ஊருக்கு வந்திருக்கிறார் என்று ஒரு பெரியவர் சொன்னார். கட்டுக்கதைதானே? (திருவண்ணாமலை)

பெரியவர் சொன்னது உண்மை. இந்தக் கேள்வி வராதா என்று காத்திருந்தேன்.

அவர் மெர்சிடிஸ் டி அகோஸ்டா. நியூயார்க்கின் செல்வந்த ஸ்பானியக் குடும்பத்தில் பிறந்த கவிஞர், நாடக ஆசிரியர். வாய்ப்புத் தேடி 1931இல் ஹாலிவுட் வந்தவர். நஸிமோவாவையும், நாடக மேடையின் ஈவா லு கலியனையும், ஸ்வீடனிலிருந்து வந்த நட்சத்திரம் கிரேட்டா கார்போவையும், டீட்ரிச்சையும் நெருங்கி அறிந்தவர். ஆங்கிலேய எழுத்தாளர் பால் பிரன்டன் இந்தியாவைப் பற்றி எழுதிய நூலைப் படித்துவிட்டு ரமணரைக் காண வேண்டும் என்று தவித்து, 1938இல் திருவண்ணாமலைக்கு வந்து, ஆசிரமத்தில் அவர்முன் அமர்ந்திருந்தார். மூன்று நாள் மட்டுமே. ஆனால் 1960இல் வெளியிட்ட தன் வாழ்க்கை நினைவுகளை அவர் காணிக்கையாக்கியது கார்போவுக்கோ டீட்ரிச்சுக்கோ அல்ல. தான் அறிந்தவர்களிலேயே அகந்தை முற்றிலும் அற்ற தூயவர் என்று கூறி, ரமண மகரிஷிக்கு. அண்ணாமலையின் அடிவாரமும் ஹாலிவுட்டின் தையல் வட்டமும் ஒரே அட்டைக்குள் இருக்கும் நூல் அது. அதே நூல்தான் பல பழைய தோழிகளை அவரிடமிருந்து விலக்கியது. பெயர் வெளிவருவதை அவர்கள் விரும்பவில்லை.

கேள்வி: அந்த அகோஸ்டாவுக்குக் கார்போ எழுதிய கடிதங்களைத் திறந்தபோது ஒன்றுமே இல்லையே. அப்படியென்றால் கார்போவைப் பற்றிய பேச்செல்லாம் பொய்தானே? (கோயம்புத்தூர்)

பணநெருக்கடியில் இருந்த அகோஸ்டா தன் காகிதங்களைப் பிலடெல்பியாவின் ரோசன்பாக் அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தார். கார்போவின் கடிதங்களை மட்டும், இருவரும் இறந்து பத்து ஆண்டுகள் கழியும்வரை திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. அகோஸ்டா 1968இலும் கார்போ 1990 ஏப்ரலிலும் இறந்தார்கள். 2000 ஏப்ரலில் 55 கடிதங்கள் திறக்கப்பட்டன. உடல்நலம், அலுப்பு, பயணம், வீடு தேடுதல் என்று இருந்தனவே தவிர, காதல் வாக்குமூலம் இல்லை. அதுவரை உங்கள் கூற்று சரி. "எனவே பொய்" என்ற அடுத்த படியில்தான் கால் வழுக்குகிறது.

கேள்வி: கோவை நண்பர் கேட்டதில் என்ன தவறு? ஆதாரம் வேண்டும் என்று முழங்குவது நீங்கள்தானே? கார்போவுக்கு மட்டும் விதியைத் தளர்த்துகிறீர்கள். (யாழ்ப்பாணம்)

தளர்த்தவில்லை. அகோஸ்டாவுடன் கார்போவுக்கு உடலுறவு இருந்தது என்று நான் எங்கும் எழுதவில்லை. இனியும் எழுத மாட்டேன். ஒரு பெட்டியில் இல்லாதது உலகிலேயே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள் என்பதே என் பேச்சு.

கேள்வி: நான் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்கிறேன். கண்காணிப்புக்கு அஞ்சி வாழ்ந்தவர்களிடம் எழுத்துச் சான்று கேட்பதே அநியாயம் இல்லையா? எழுதாமல் இருந்ததால்தானே அவர்கள் தப்பினார்கள்? (டொராண்டோ)

இதுவரை வந்த கேள்விகளில் கனமானது இதுதான். நீங்கள் சொல்வதில் பாதி எனக்கு உடன்பாடு: ஆண் பெண் இருவர் சேர்ந்து விருந்துக்குப் போனாலே காதல் என்று எழுதும் வரலாற்றாசிரியர்கள், இரண்டு பெண்கள் முப்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்தால் "உற்ற தோழிகள்" என்று முடித்துக்கொள்கிறார்கள். அளவுகோல் இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மறுபாதியை ஏற்க முடியாது. சான்று இல்லாததே சான்று என்று தொடங்கினால், நாம் செய்வதற்கும் ஐம்பதுகளின் வம்புப் பத்திரிகைகள் செய்ததற்கும் வேறுபாடு இருக்காது.

மேலும், அவர்கள் எழுதாமல் இருக்கவில்லை. எல்லோரும் பிலடெல்பியாவின் பூட்டிய பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், கார்போவின் வேறு கடிதங்கள் ஸ்வீடனில் இருந்தன. ஸ்டாக்ஹோமின் அரச நாடகப் பள்ளியில் அவருடன் படித்த மிமி போலாக்குக்குப் பல பத்தாண்டுகளாக எழுதியவை. 2005இல் நூலாக வெளிவந்தன. மிமி மணந்து கருவுற்ற செய்தி கிடைத்தபோது, கடவுள் படைத்த நம் இயல்பை நம்மால் மாற்ற முடியாது, ஆயினும் நீயும் நானும் சேர்ந்திருக்க வேண்டியவர்கள் என்றே நான் எப்போதும் நினைத்தேன் என்ற பொருளில் எழுதினார். குழந்தை பிறந்தபோது தந்தி அடித்தார்: தந்தையானதில் அளவிலாப் பெருமை என்று. பூட்டி முத்திரையிட்டுக் காத்த கடிதங்களில் வானிலையும் வீட்டு வாடகையும். பள்ளித் தோழிக்குத் தாய்மொழியில் எழுதியவற்றில் இது.

கேள்வி: தந்தி விளையாட்டாகவும் இருக்கலாமே? (யாழ்ப்பாணம்)

இருக்கலாம். கடிதத்தோடு சேர்த்து இன்னொரு முறை படியுங்கள். இந்த வழக்கை இத்துடன் முடிக்கிறேன், காத்திருப்போர் பலர்.

கேள்வி: பழைய தமிழ்ப் படங்களில் தோழிகளாக வாழ்ந்த இரு நடிகைகள், பெயரின் முதலெழுத்து மட்டும் சொல்லட்டுமா? (மதுரை)

வேண்டாம். இப்படிக் கேட்டு வந்த கடிதங்களில் இது ஐந்தாவது.

கேள்வி: கேத்தரின் ஹெப்பர்ன்? பார்பரா ஸ்டான்விக்? (ஈரோடு)

முதல் பத்தி.

கேள்வி: இத்தகைய வதந்தியால் உண்மையிலேயே யாராவது பாதிக்கப்பட்டார்களா? (கோலாலம்பூர்)

லிசபெத் ஸ்காட். கரகரத்த குரலுடன் நாற்பதுகளின் குற்றப் படங்களில் மின்னியவர். கான்ஃபிடென்ஷியல் என்ற வம்பு இதழ், விலைமாதர் விடுதி ஒன்றின் தொலைபேசிக் குறிப்பேட்டில் அவர் பெயர் இருந்ததாகவும், பாரிஸில் பெண்களுக்கான இரவு கேளிக்கை விடுதி நடத்தியவருடன் பழகியதாகவும் 1955இல் எழுதியது. பல நட்சத்திரங்கள் வாயை மூடிக்கொண்டு கடந்து போனபோது அவர் இருபத்தைந்து லட்சம் டாலர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். இதழ் நியூயார்க்கில் வெளியாவது, வழக்கோ கலிபோர்னியாவில். அந்தத் தொழில்நுட்பக் காரணத்தால் தள்ளுபடியாயிற்று. 1957இல் எல்விஸ் பிரெஸ்லியுடன் ஒரு படம். அதற்குப் பின் திரையில் அவரை அரிதாகவே கண்டோம். பெண்களைக் காதலித்ததாக அவர் சொன்னதில்லை; 2015இல் காலமானார். ஆகவே அவர் பெயரை நான் எந்தப் பட்டியலிலும் சேர்ப்பதில்லை. வதந்தியை வாழ்க்கை வரலாறு ஆக்காதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வதற்கு அவரே காரணம்.

கேள்வி: மறைக்காமல் நிம்மதியாக வாழ்ந்தவர் ஒருவர்கூட இல்லையா? (தஞ்சாவூர்)

கேமராவுக்குப் பின்னால் ஒருவர் இருந்தார். டோரதி ஆர்ஸ்னர், 1930களின் ஹாலிவுட் ஸ்டுடியோக்களில் தொடர்ந்து இயக்கிய ஒரே பெண். குட்டை முடி, தைத்த கோட்டு, கழுத்துப்பட்டை என்று படப்பிடிப்புத் தளத்துக்கு வந்தார். நடன அமைப்பாளர் மேரியன் மார்கனுடன் 1930 முதல் 1971இல் மார்கன் இறக்கும்வரை ஒரே வீட்டில் வாழ்ந்தார். விளக்கமும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. 1929இல் முதன்முதலாகப் பேசும் படத்தில் நடித்த கிளாரா போ, ஒலிவாங்கி இருக்கும் இடத்தைவிட்டு நகர முடியாமல் திணறியபோது, அதைத் தூண்டில் கழியில் கட்டி அவர் தலைக்கு மேல் நகர்த்தச் செய்தவர் ஆர்ஸ்னர்தான். நாயகியின் முகத்தைத்தான் ரசிகன் வாங்கினான். இயக்குநரின் வீட்டை யாரும் எட்டிப்பார்க்கவில்லை.

கேள்வி: நஸிமோவா கடைசியில் என்ன ஆனார்? அவருடைய புகழ்பெற்ற வீடு இன்னும் இருக்கிறதா? (சிங்கப்பூர்)

இல்லை. சன்செட் புல்வார்டில் இருந்த அந்த மாளிகையையும் தோட்டத்தையும் வருமானத்துக்காக 1927இல் விடுதியாக்கினார். திட்டம் அவருக்கு நட்டத்தில் முடிந்தது, சொத்து கைமாறியது. விடுதி பின்னர் எழுத்தாளர்களும் நட்சத்திரங்களும் குடித்துக் கும்மாளமிடும் இடமாகப் பெயர்பெற்று, 1959இல் இடிக்கப்பட்டது. 1929 முதல் தன்னுடன் வாழ்ந்த கிளெஸ்கா மார்ஷலுடன் நஸிமோவா அங்கேயே திரும்பி வந்து, ஒரு காலத்தில் தனக்குச் சொந்தமாக இருந்த வளாகத்தில் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தார். 1945 ஜூலையில் இறக்கும்வரை இருவரும் அந்த வீட்டில்தான் இருந்தார்கள்.