டெக்சாஸில் எல்லைப் பக்கம் போலீஸ் நிறுத்தச் சொல்லியும் காரை நிறுத்தாமல் போனால் ஐந்து வருஷம் ஜெயில் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அந்த ஐந்து வருஷம் அமெரிக்க மத்தியச் சட்டத்தின் 18-ஆம் தலைப்பில் 758-ஆம் பிரிவு, 1996-இல் வந்தது. குடிவரவுத் துறையோ வேறு மத்திய அமைப்போ நடத்தும் சோதனைச் சாவடிக்கு வண்டியில் டிமிக்கி கொடுத்திருக்க வேண்டும், கூடவே துரத்தும் போலீஸிடமிருந்து வேக வரம்பைத் தாண்டி ஓடியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் இந்தப் பிரிவு. ஐந்து ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம்.

சாவடியே இல்லாத சாலையில் எல்லைக் காவல் படை வண்டி விளக்குப் போட்டு, நீங்கள் நிற்காமல் பறந்தால் 758 பொருந்தாது. இந்த ஓட்டையை அடைக்கத்தான் எல்லையிலிருந்து 100 மைலுக்குள் தப்பி ஓடுவதையே தனிக் குற்றமாக்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 2024-லும் 2025-லும் நிறைவேற்றியது. அதில் 2 ஆண்டு வரை, யாருக்காவது பலத்த காயம் என்றால் 5 முதல் 20, உயிர் போனால் 10 முதல் ஆயுள் வரை. செனட்டும் நிறைவேற்றி, ஜனாதிபதி கையெழுத்திட்டால்தான் அது சட்டம். வாட்ஸ்அப்பில் சுற்றும் பயமுறுத்தல்களில் பல இந்த மசோதாவையும் 758-ஐயும் குழப்பியவை.

நடைமுறையில் பெரும்பாலும் பாய்வது மாநிலச் சட்டம். டி.பி.எஸ். என்கிற மாநிலப் போலீஸ், ஷெரிஃப் என்கிற மாவட்டப் போலீஸ், நகரப் போலீஸ் யார் துரத்தினாலும், டெக்சாஸ் குற்றச் சட்டம் 38.04 படி வண்டியில் தப்புவது மூன்றாம் நிலை ஃபெலனி, அதாவது கடுங்குற்றம்: 2 முதல் 10 ஆண்டு, 10,000 டாலர் வரை அபராதம். அதில் யாராவது இறந்தால் இரண்டாம் நிலை, 20 ஆண்டு வரை போகும். இங்கே வேகம் கணக்கே இல்லை. 30 மைலில் மெதுவாக உருட்டிக்கொண்டே போனாலும் தப்பியதுதான். துரத்துவது போலீஸ் என்று தெரிந்தே ஓடினாரா என்பதைத்தான் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். ஓட்டிய விதத்தைப் பார்த்து, கார் உயிரைப் பறிக்கக்கூடிய ஆயுதமாகப் பயன்பட்டது என்று நீதிமன்றம் பதிவு செய்துவிட்டால், தண்டனையில் பாதியைக் கழித்த பிறகுதான் பரோல் பேச்சு.

நம்மவர்களுக்கு இது எங்கே வரும்? டெக்சாஸின் தென்கோடியில் உள்ள சவுத் பாட்ரே தீவுக்குப் போய்விட்டு ஹூஸ்டனுக்கு 77-ஆம் நெடுஞ்சாலையில் திரும்பினால் சரீட்டாவில் சாவடி. 281-இல் வந்தால் ஃபல்ஃபூரியஸ் அருகில். இரண்டும் எல்லையில் இல்லை, உள்ளே தள்ளி இருப்பதால் பலரும் எதிர்பார்ப்பதில்லை. சந்தேகம் எதுவும் இல்லாமலேயே அங்கே நிறுத்திக் குடியுரிமை பற்றிக் கேட்கலாம் என்று 1976-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தூரத்தில் பலகையைப் பார்த்ததும், "ஐயோ, பாஸ்போர்ட்டை வீட்டில் விட்டுவிட்டோமே" என்று யூ-டர்ன் போடத் தோன்றும். போடாதீர்கள். திரும்புவது மட்டும் 758 குற்றம் ஆகாது. ஆனால் சந்தேகத்தைக் கிளப்பும், பின்னாலேயே வண்டி வரும். அப்போது நின்றால் அரை மணி தாமதத்தோடு போகலாம், ஓடினால் ஃபெலனி.

18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் குடிவரவுப் பதிவு ஆவணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். மீறினால் 30 நாள் வரை சிறை இருக்கிறது. ஆனாலும் தப்பி ஓடுவதோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ சிறியது. ஆவணம் இல்லையென்றால் ஓரமாக நிறுத்தச் சொல்லி, பெயரும் பிறந்த தேதியும் வாங்கிக் கணினியில் பார்ப்பார்கள். பொறுமையாக இருங்கள், பொய் மட்டும் சொல்லாதீர்கள்.

இரவில் அடையாளமில்லாத கார் விளக்கு போட்டால் பயம் நியாயம்தான். உடனே வேகத்தைக் குறைத்து, ஹஸார்டு விளக்கைப் போட்டு, 911-ஐ அழைத்து இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள். பிறகு வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்கில் நிறுத்துங்கள். அந்த அழைப்பின் பதிவுதான் "நான் தப்பவில்லை" என்பதற்குச் சாட்சி.

எச்-1பி, கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது சிறையைவிடப் பெரிய விஷயம். குடிவரவுச் சட்டத்தின் நாடுகடத்தல் பிரிவில் 758 பெயர் சொல்லியே இருக்கிறது. தண்டனை உறுதியானாலே போதும், ஒரு நாள்கூடச் சிறைக்குப் போகாவிட்டாலும் நாடுகடத்தலாம். அதனால் வழக்கறிஞர் "ஒப்புக்கொண்டால் ப்ரொபேஷனோடு (சிறைக்குப் பதில் கண்காணிப்போடு) முடியும்" என்றால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்புதலால் நாடுகடத்தல் வருமா என்று குற்றவியல் வழக்கறிஞர் தன் கட்சிக்காரருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பது 2010 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அந்தப் பதிலை எழுத்தில் வாங்கி, குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடமும் காட்டிய பிறகு முடிவெடுங்கள்.