பழைய நாணயங்களை மொத்தமாக எடைக்குப் போடலாமா?

கேள்வி: மறைந்த என் அப்பாவின் டின்னில் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட இந்திய ஒரு ரூபாய் நாணயங்கள் (1938, 1944, 1947), மலாயா பத்து காசுகள் (1939, 1945), 1967இல் வந்த சிங்கப்பூர் ஐம்பது காசுகள் இருக்கின்றன. சிராங்கூன் ரோட்டில் ஒரு நகைக்கடையில் எல்லாவற்றையும் ஒன்றாகத் தராசில் வைத்து ஒரே விலை சொன்னார்கள். இணையத்தில் 1967 ஐம்பது காசுக்கு ஒருவர் நாலிலக்க விலை போட்டிருக்கிறார். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி விற்கலாமா?
- ஒரு வாசகி, அங் மோ கியோ

பதில்: முதலில் புளியை எடுத்து வையுங்கள். தேய்த்த நாணயத்தைச் சேகரிப்பாளர்கள் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார்கள். விலை அப்படியே விழும். கறுத்துப்போயிருந்தால் அப்படியே இருக்கட்டும்.

அந்த ஒரே விலையை ஏற்க வேண்டாம். உங்கள் மூன்று ரூபாய்களும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். எடையும் சுமார் 11.66 கிராம்தான். உள்ளே இருக்கும் சரக்கு வேறு. 1938 ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது கிட்டத்தட்ட 10.7 கிராம். போர்க்காலத்தில் வெள்ளி தட்டுப்பாடாகிவிட, 1940 முதல் பாதிக்குப் பாதி வெள்ளி, மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம் என்று மாற்றினார்கள். ஆகவே 1944இல் இருப்பது 5.8 கிராம்தான். 1947இல் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல். பின்பக்கம் புலி இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோங்கள், ஒட்டிக்கொள்ளும். மற்ற இரண்டும் ஒட்டாது. ஒட்டினால் போலி.

மலாயா பத்து காசும் இதே கதைதான். 1939இல் 75 சதவீதம் வெள்ளி, 1945இல் 50. 1948 முதல் செம்பும் நிக்கலும் கலந்தது.

எனவே ஆண்டுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு குவியலையும் தனியாக எடைபோடச் சொல்லுங்கள். எடையை வெள்ளியின் சதவீதத்தால் பெருக்கி, அன்றைய ஒரு கிராம் வெள்ளி விலையால் பெருக்கினால் உலோக மதிப்பு வரும். கடைக்காரர் தன் பங்கைக் கழித்துக்கொண்டுதான் தருவார், அது நியாயம். 1938ஐயும் 1944ஐயும் ஒரே தரமாக வைத்து விலை பேசுவது நியாயமில்லை.

1967 ஐம்பது காசுக்கு வருவோம். சிங்க மீன் போட்ட அழகான நாணயம், ஆனால் அதில் வெள்ளி இல்லை, செம்பும் நிக்கலும்தான். அச்சிட்டபடியே புதிதாக இருந்தால் சேகரிப்பாளர் கூடுதலாகத் தருவார். கைமாறித் தேய்ந்தது என்றால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். இன்றைக்கும் அது செல்லுபடியாகும் பணம், ஐம்பது காசுக்குக் குறையாது. இணையத்தில் யாரும் எந்த விலையும் கேட்கலாம். உண்மையில் விற்றுப்போன விலை எவ்வளவு என்று தேடுங்கள், ஏலப் பதிவுகளில் கிடைக்கும்.

டின்னில் 1939 ரூபாய் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் இன்னொரு முறை நன்றாகப் பாருங்கள். அந்த ஆண்டு ரூபாய் மிக அரிது, அதனாலேயே போலிகளும் உலவுகின்றன. 1938இன் கடைசி இலக்கத்தை மாற்றிச் செய்வதும் உண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் நகைக்கடைக்கே கொண்டுபோகாமல், தெரிந்த நாணய வியாபாரிகள் இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனங்களுக்கு அனுப்புவது அந்த மாதிரி நாணயத்துக்குத்தான் கட்டும். சாதாரண 1944க்கு அனுப்பினால் கட்டணமே நாணயத்தின் விலையைத் தாண்டிவிடும்.

நம் வீடுகளில் ரூபாயைப் பதக்கமாக மாட்ட வளையம் பற்றவைத்த வழக்கம் உண்டு. அந்தத் தழும்பு இருக்கும் நாணயத்துக்குச் சேகரிப்பு மதிப்பு அநேகமாகப் போய்விடும். அதை உலோக விலைக்குக் கொடுக்கலாம், அல்லது அப்பாவின் நினைவாக வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.