மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இமயமலையைப் பற்றி எதற்குப் படிக்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் ஏ.எல். புவியியல் படிக்கிற பிள்ளையின் அப்பா. "புவித்தகடு, பூமியதிர்ச்சி, மலை உருவாதல் என்று மூன்று கிழமையாகப் பாடமாக்குகிறாள். இங்கே மலையும் இல்லை, பூமியதிர்ச்சியும் இல்லை. இது எதற்கு?" என்று எழுதியிருக்கிறார். நான் இருபது வருடமாக இதைத்தான் ரியூசனில் படிப்பிக்கிறேன். கேள்வியைப் பார்த்ததும் முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தால், பாடமாக்குகிற அளவுக்கு இதைக் கொண்டுவந்து விட்டதில் எங்களைப் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு.

நான் சின்னப் பெடியனாக இருந்தபோது எங்கள் வளவில் கிணறு வெட்டினார்கள். மேலே செம்மண் ஒரு முழம் இரண்டு முழம்தான், பிறகு முழுக்கக் கல். வெடி வைத்து உடைத்து மேலே தூக்கிய கற்களில் ஒன்றை அப்பு என் கையில் தந்தார். அதில் ஒரு சிப்பியின் அச்சு. விரலால் தடவினால் வரி வரியாகத் தட்டுப்பட்டது. கடல் எங்கள் வீட்டிலிருந்து நாலு மைல். "இங்கே எப்படிச் சிப்பி வந்தது?" என்று கேட்டதற்கு, "முந்தி இதெல்லாம் கடல்தானே" என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லைப் பார்க்கப் போய்விட்டார். அவர் சொன்னது சரி. குடாநாட்டின் அடியில் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய காலம் அது. எல்லாம் கடலடியில் படிந்தவை.

எவரெஸ்ட் உச்சியில் இருப்பதும் சுண்ணக்கல்தான். அதிலும் கடல் உயிர்களின் எச்சங்கள் இருக்கின்றன. வயது ஏறத்தாழ 45 கோடி ஆண்டு. எங்கள் கல் கடலுக்கு மேலே தலை காட்டியதோடு நின்றுவிட்டது, அந்தக் கல் 8,848 மீட்டர் ஏறிவிட்டது. பூமியின் வெளி ஓடு துண்டு துண்டாக மெல்ல நகர்கிறது, அந்தத் துண்டுதான் தகடு. அந்தக் கல்லை ஏற்றியது ஆசியாவில் போய் முட்டிய இந்தியத் தகடு. நீங்களும் நானும் நிற்பது அதே தகட்டின் தென்பாதியில்.

மலையை ஆராய்கிறவர் மலையேறிக் கல் பொறுக்குவார் என்றுதான் நினைப்போம். பீட்டர் மோல்னார் (1943–2022) என்ற அமெரிக்கப் புவிப் பௌதிகவியலாளர் பூமியதிர்ச்சிப் பதிவுகளை வைத்து மலையைப் படித்தவர். ஓர் அதிர்ச்சியின் முதல் அலை சில நிலையங்களில் நிலத்தை மேலே தள்ளும், சிலவற்றில் கீழே இழுக்கும். எங்கே தள்ளியது, எங்கே இழுத்தது என்று குறித்துக்கொண்டு போனால், பல ஆயிரம் மைலுக்கு அப்பால் பாறை எந்தத் திசையில் வழுக்கியது என்று கண்டுபிடிக்கலாம். 1975இல் அவரும் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர் போல் தப்போனியேயும் (Paul Tapponnier) இந்தப் பதிவுகளைச் செய்மதிப் படங்களோடு சேர்த்துப் பார்த்தார்கள். இந்தியா முட்டிய முட்டு இமயத்தோடு நிற்கவில்லை, திபெத், சீனா, மொங்கோலியா கடந்து பைக்கால் ஏரிப் பக்கம் வரை போகிறது என்று காட்டினார்கள்.

எனக்குப் பிடித்தது திபெத் விஷயம். இமய அடிவாரத்தில் வருபவை ஒரு பாறை மற்றதன்மேல் ஏறுகிற அதிர்ச்சிகள். முட்டுகிற இடத்தில் அதுதானே நடக்கும். ஆனால் திபெத் மேட்டு நிலத்தின் உச்சிப் பகுதியில் நிலம் கிழக்கு மேற்காக இழுபட்டுப் பிளக்கிறது. முட்டுப்படுகிற இடத்துக்குப் பின்னாலேயே இழுபடுகிறது! 5,000 மீட்டரளவு உயர்ந்த பிறகு தன் பாரம் தாங்காமல் மேடு பக்கவாட்டில் பரவுகிறது என்பது விளக்கம். தண்ணீர் கூடிப்போன பிட்டு மாவைக் குவித்து வைத்துப் பாருங்கள், விளங்கும்.

இந்தியா முட்ட ஆசியா பக்கவாட்டில் பிதுங்குவதைத் தப்போனியே பிறகு பிளாஸ்டிசின் (பிள்ளைகள் உருவம் செய்கிற களி) கட்டிக்குள் ஒரு கட்டையை அழுத்திச் செய்து காட்டினார். அதைப் பார்த்த ஆசையில் நானும் வகுப்புக்கு ரொட்டி மா குழைத்துக்கொண்டு போனேன். மா ஆசியா, மரத்துண்டு இந்தியா, ஒரு பக்கம் புத்தகங்களை அடுக்கி மதில். அழுத்தினேன், திறந்த பக்கத்தால் மா பிதுங்கியது. கையை எடுத்ததும் பழையபடி சுருங்கிவிட்டது. "ஆசியா திரும்பி வந்திட்டுது சேர்" என்றான் பின்வாங்கில் இருந்தவன். வகுப்பே சிரித்தது. ஆனால் பூமியதிர்ச்சி என்பதே அந்தச் சுருக்கம்தான். 1906 சான் பிரான்சிஸ்கோ அதிர்ச்சிக்குப் பிறகு ரீட் என்பவர் சொன்னதும் இதைத்தான்: பாறை வளைந்து வளைந்து விசையைச் சேர்த்து வைக்கும், ஒரு நாள் விடுபட்டுத் துள்ளும்.

இமயத்தில் ஆண்டுக்கு 2 சென்ரிமீட்டரளவு இப்படிச் சேர்கிறது. நூறு ஆண்டில் 2 மீட்டர். 2015 ஏப்ரல் 25இல் நேபாளத்தில் 7.8 அளவில் விடுபட்டபோது ஒன்பதாயிரம் பேரளவில் செத்தார்கள். அன்று காத்மாண்டுப் பக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்தது, அதற்கு வடக்கே உயர்மலைப் பகுதி கொஞ்சம் இறங்கியது. உயர்மலை இடைப்பட்ட காலத்தில் மெல்ல எழும்புவதும் அதிர்ச்சி நாளில் இறங்குவதும் கூட்டிக் கழித்து மிஞ்சுவதுதான் மலை.

சரி, யாழ்ப்பாணத்துக்கு வருவோம். தகட்டின் விளிம்பு எதுவும் எங்களுக்குப் பக்கத்தில் இல்லை. அதனால் பெரிய அதிர்ச்சி அரிது, வரவே வராது என்று சொல்ல முடியாது. எங்கள் பயம் கடல் பக்கம். 2004 டிசம்பர் 26 காலை ஏழு மணிக்குச் சற்று முன், இங்கிருந்து ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் தள்ளிச் சுமாத்திராவுக்கு அருகே தொடங்கிய முறிவு 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் போனது. அது ஏறுகிற வகை. கடலடி மேலே எழும்பித் தண்ணீரைத் தூக்கியது. இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு மணற்காடும் முல்லைத்தீவும் என்ன ஆயின என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

2012 ஏப்ரல் 11 பிற்பகல் மறுபடி சுமாத்திராப் பக்கம் 8.6 அளவில் ஓர் அதிர்ச்சி. நான் வகுப்பில் நின்றேன். ஒன்றன்பின் ஒன்றாகப் போன் அடித்தது, தாய் தகப்பன்மார் மோட்டார் சைக்கிளில் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். "சேர், அலை வருமோ?" என்று ஒரு பிள்ளை கேட்டது. இதே பாடத்தைப் படிப்பிக்கிறவன் பதில் இல்லாமல் நின்றேன். "ஓடு பிள்ளை" என்றேன். இப்போதும் அதுதான் சரியான பதில் என்று நினைக்கிறேன், அந்த நேரத்தில் யாராலும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் பெரிய அலை வரவில்லை. காரணத்தைப் பிறகுதான் வாசித்தேன். அன்று பாறை பக்கவாட்டில் வழுக்கியது, கடலடி பெரிதாக எழும்பவில்லை. அதுவும் தகடுகளின் விளிம்பில் அல்ல, கடலுக்கு நடுவே தகட்டின் உள்ளேயே. இந்தியா இமயத்தில் முட்டி வேகம் குறைந்து நிற்கிறது, அவுஸ்திரேலியப் பக்கத்துக்கு அந்தத் தடை இல்லை. இடையில் மாட்டிய கடலடி மடிகிறது, கிழிகிறது. அது எங்களுக்குத் தெற்கேயும் தென்கிழக்கேயும் கிடக்கிற கடல்.

உங்கள் மகளிடம் தகடுகளின் பெயரைக் கேட்க வேண்டாம், அது அவளுக்குத் தெரிந்திருக்கும். 2004இல் வந்த அலை 2012இல் ஏன் வரவில்லை என்று கேளுங்கள். சொல்லாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள். இம்முறை பிளாஸ்டிசின் வாங்கி வைத்திருக்கிறேன்.