வெள்ளை வட்டமா, கருப்புக் கறையா?

கேள்வி: சாப்பாட்டு மேசையில் சூடான பாத்திரத்தை வைத்து எடுத்ததில் வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்துவிட்டது. எவ்வளவு துடைத்தும் போகவில்லை. பற்பசை போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்கிறார்கள், தேய்க்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள், பற்பசை எல்லாம் கடைசியில்தான். கறை வெள்ளையாக இருக்கிறது என்றாலே பாதிக் கவலை தீர்ந்தது. தண்ணீர் மரத்துக்குள் போகவில்லை, மேலே இருக்கிற பாலிஷுக்குள் ஈரம் சிக்கிக்கொண்டிருக்கிறது, அங்கே வெளிச்சம் சிதறுவதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. அந்த ஈரம் வெளியேற வழி விட்டால் போதும். முதலில் மேசை மேல் எதையும் வைக்காமல், விரிப்பும் போடாமல் ஒன்றிரண்டு நாள் காற்றாட விடுங்கள். லேசான கறை இதிலேயே மறைந்துவிடும்.

மறையவில்லை என்றால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். நடுநடுவே உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், கை பொறுக்கிற சூடுதான் இருக்க வேண்டும். துணியை விரித்து அதன் மேல் இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்கிற வழியும் உண்டு, பலருக்குப் பலன் தருகிறது, ஆனாலும் நான் அதைச் சொல்லத் தயங்குவேன். அரக்கு பாலிஷ் சூட்டில் இளகிவிடும், இளகின இடத்தில் துணியின் நெசவு அப்படியே அச்சாகப் பதிந்துவிட்டால் வட்டத்தைவிட அதுதான் பெரிய தலைவலி.

அப்புறம் பெட்ரோலியம் ஜெல்லி. கறை மேல் தாராளமாகத் தடவி, ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் காலையில் துடையுங்கள். இதற்கும் அசையாத கறைக்குத்தான் பற்பசை, அதுவும் ஜெல் இல்லாத சாதாரண வெள்ளைப் பற்பசை. ஏன் கடைசியில் என்றால், அது கறையைக் கரைப்பதில்லை, பாலிஷின் மேல்பரப்பை நைசாகத் தேய்த்து எடுக்கிறது. பளபளப்பான மேசையில் அழுத்தித் தேய்த்தால் வட்டம் போய் அந்த இடத்தில் ஒரு மங்கல் திட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு துளி எண்ணெய் சேர்த்து, மெல்லிய துணியால், மர ரேகை ஓடுகிற திசையிலேயே லேசாகத் தேய்த்து, துடைத்துவிட்டு, மேசை முழுவதற்கும் மெழுகு பாலிஷ் போடுங்கள். எதைச் செய்வதானாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் முதலில் செய்து பாருங்கள்.

கேள்வி: தேக்கு முக்காலி மேல் பூந்தொட்டி வைத்திருந்தோம். எடுத்துப் பார்த்தால் அடியில் கருப்பாக வட்டம். நீங்கள் சொன்ன எண்ணெய், சூடு எதுவும் பலிக்கவில்லையே?

பதில்: பலிக்காது. கருப்பு என்றால் தண்ணீர் பாலிஷைத் தாண்டி மரத்துக்கே போய்விட்டது. மரத்தில் இயற்கையாக இருக்கிற டானின் என்ற துவர்ப்புப் பொருளும், தண்ணீரிலோ தொட்டியிலோ இருந்து வருகிற இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கருப்பாகும். அந்தக் காலத்தில் எழுது மை தயாரித்ததும் இதே வேதிவினையை வைத்துத்தான், அதனால் துடைத்தால் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். மேல் பாலிஷை எடுத்துவிட்டு ஆக்சாலிக் அமிலம் போட வேண்டும். வெந்நீரில் கரைத்து, உலோகப் பாத்திரம் இல்லாமல் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைத்து, கறை மேல் மட்டும் அல்லாமல் பலகை முழுக்கப் பூசுங்கள், இல்லாவிட்டால் அந்த இடம் மட்டும் வெளுத்துத் தனியாகத் தெரியும். காய்ந்த பிறகு நல்ல தண்ணீரால் பல முறை துடைத்து எடுத்து, நன்றாக உலரவிட்டு, பிறகுதான் உப்புத்தாள், புது பாலிஷ்.

ஆக்சாலிக் அமிலம் விஷம் என்பதை மறக்கவே கூடாது. கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது, கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் மூக்கையும் நுரையீரலையும் எரிக்கும், பிளீச்சிங் திரவத்தோடு கலக்கவே கூடாது. கொஞ்சம் பயமாக இருந்தாலும் விட்டுவிட்டு ஒரு நல்ல பாலிஷ் ஆளைக் கூப்பிடுங்கள். முக்காலி முழு மரமா, மேலே வினியர் என்கிற மெல்லிய மரத் தகடு ஒட்டியதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வினியர் தாள் போல மெல்லியது, கறை போகும்வரை தேய்க்கலாம் என்று உப்புத்தாளைப் பிடித்தால் அடிப்பலகை வெளியே வந்துவிடும்.

கேள்வி: தரை துடைத்துத் துடைத்து பீரோ, கட்டில் கால்களின் அடிப்பகுதி நிறம் மாறிவிட்டது. என்ன செய்வது?

பதில்: நல்ல கேள்வி, மேசையை அவ்வளவு பார்த்துப் பார்த்துத் துடைப்பவர்கள்கூடக் கால்களை மறந்துவிடுவார்கள். மரம் குறுக்கே அறுபட்ட முகத்தில்தான் தண்ணீரை அதிகம் உறிஞ்சும், காலின் அடி அந்த முகம்தான், அங்கே பெரும்பாலும் பாலிஷே போட்டிருக்க மாட்டார்கள். சாமானைச் சாய்த்து வைத்து, நன்றாகக் காயவிட்டு, அடியில் இரண்டு மூன்று கோட் வார்னிஷ் அடித்து, பிளாஸ்டிக் குமிழ் போடுங்கள். மாப்பை நன்றாகப் பிழிந்த பிறகே அங்கே கொண்டுபோங்கள். மரத்தூளை ஒட்டி அழுத்திச் செய்த துகள் பலகை என்றால் இன்னும் கவனம், ஒரு தடவை ஊறி உப்பினது திரும்பப் பழையபடி அமுங்காது.

கேள்வி: கறையே விழாமல் இருக்க மேசை மேல் பிளாஸ்டிக் விரிப்பு போட்டுவிடலாமா?

பதில்: நிரந்தரமாகப் போட வேண்டாம். ஓரத்தில் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அடியிலேயே கிடக்கும், தவிர மெத்தென்ற பிளாஸ்டிக்கில் இருக்கிற சில பொருட்கள் நாளடைவில் பாலிஷை இளக்கி ஒட்டிக்கொள்ளும். தம்ளருக்கு அடியில் வைக்கிற கோஸ்டர், கார்க் அல்லது தடித்த ஃபெல்ட் அடி வைத்ததாக இருந்தால் நல்லது. வெறும் துணிக் கோஸ்டர் நனைந்தால் ஈரத்தை அப்படியே மேசைக்குக் கொடுத்துவிடும். மெழுகு பாலிஷ் தண்ணீரைத் தடுத்துவிடாது, நீங்கள் துணியை எடுத்து வருவதற்குக் கொஞ்சம் அவகாசம் தரும், அவ்வளவுதான். எப்படியும் புதிதாக பாலிஷ் போடப் போகிறீர்கள் என்றால் மேசைக்கு மட்டுமாவது பாலியூரித்தேன் என்கிற வார்னிஷ் போடச் சொல்லுங்கள், அரக்கு பாலிஷைவிட ஈரத்தையும் சூட்டையும் நன்றாகவே தாங்கும்.