வரியோடிய கத்தி: வாங்கியவர்களின் கேள்விகளும் பதில்களும்

இரண்டு வகை உருக்கை அடுக்கி, உலையில் ஒட்டவைத்து அடிக்கும், அலகில் கோடு கோடாக வரி ஓடும் கத்தியைப் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். கடைகளில் ‘டமாஸ்கஸ்’ என்று விற்பது இதைத்தான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கிளிநொச்சியிலிருந்து: கண்காட்சி ஒன்றில் 18,000 ரூபா கொடுத்து டமாஸ்கஸ் கத்தி வாங்கினேன். துருப்பிடித்த இடத்தை வோட்டர் பேப்பரால் தேய்த்தேன், வரி அழிந்துபோயிற்று. ஏமாந்துவிட்டேனா?

அழிந்ததை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உண்மையான கத்தியிலும் தேய்த்தால் வரி மங்கும், அமிலம் பட்டால் திரும்பி வரும். முதலில் கத்தியின் முதுகைப் பாருங்கள். அடுக்கு உடம்பெல்லாம் ஓடுவதால் முதுகிலும் கோடு தெரிய வேண்டும். பிறகு தேய்த்த இடத்தில் தண்ணீர் கலந்த பெரிக் குளோரைட்டை (உருக்கை அரிக்கும் அமிலக் கரைசல்) ஒரு சொட்டு விட்டு, சில நிமிடம் கழித்துக் கழுவுங்கள். வரி வந்தால் அடுக்கு உண்மையானது. வெறும் சாம்பல் நிறம் மட்டும் வந்தால், அல்லது ஒன்றுமே நடக்காவிட்டால், மேலே பொறித்த படத்துக்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

அப்படியானால் விடாதீர்கள். பற்றுச்சீட்டோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். நானும் கொழும்பில் இப்படி ஒன்று வாங்கினேன். ஆறு மாதம் தீட்டியதில் விளிம்போரம் வரியே இல்லாமல் போயிற்று. சீட்டு வாங்காததால் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் இருக்கிறது.

முல்லைத்தீவிலிருந்து: நான் கொடுத்த லொறி வில்லுத்தகட்டை எங்கள் ஊர்க் கொல்லர் மடித்து மடித்து அடித்துத் தந்தார். அமிலத்தில் போட்டால் ஒரே கறுப்பு. காசைத் திருப்பிக் கேட்கலாமா?

கேட்கக் கூடாது. வில்லுத்தகட்டைக் கொடுத்தது நீங்கள்தான் என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒரே உருக்கை எத்தனை தரம் மடித்தாலும், மிஞ்சினால் ஒட்டிய இடம் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். அமிலத்தில் கரியுருக்கு கறுக்கும், நிக்கல் கலந்தது வெள்ளையாக நிற்கும். இரண்டும் பக்கத்தில் இருந்தால்தான் வரி. பெரிய மர ஆலைகளின் பட்டைவாள் அலகு பலவற்றில் சுமார் 2 சதவீதம் நிக்கல் உண்டு. அடுத்த முறை அதில் ஒரு துண்டு தேடிக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் செய்த வேலைக்குக் கூலி முழுவதும் போக வேண்டும்.

மாங்குளத்திலிருந்து: பெரிக் குளோரைட்டு கிடைக்கவில்லை. பற்றரி அமிலம் போடலாமா?

வேண்டாம். கண்ணும் கையும் போகும். ரேடியோ உதிரிப்பாகக் கடைகளில் விசாரியுங்கள்.

வவுனியாவிலிருந்து: அலகைக் கடினப்படுத்தித் தந்துவிட்டார்கள். மினுக்குவதும் வரி எடுப்பதும் என் பொறுப்பாம். எப்படி?

அவசரப்படாதீர்கள். வேலையில் பெரும்பகுதி தேய்ப்பதுதான். 220இல் தொடங்கி 400, 600, 800 என்று வோட்டர் பேப்பர். ஒவ்வொரு முறையும் திசையை மாற்றித் தேய்த்தால், முந்திய கீறல் போனதா என்று கண்ணுக்குத் தெரியும். ஒரு கீறலை விட்டுவிட்டால் அமிலம் அதைப் பெரிதாக்கிக் காட்டும். பிறகு சோப் போட்டுக் கழுவுங்கள். அதற்கப்புறம் வெறுங்கை படக் கூடாது, விரல் எண்ணெய் பட்ட இடத்தில் அமிலம் பிடிக்காது.

பிளாஸ்ரிக் ஏனத்தில் தண்ணீர் 3 பங்கு எடுத்து, அதில் செறிந்த பெரிக் குளோரைட்டுக் கரைசல் 1 பங்கை ஊற்றுங்கள். கையுறை கட்டாயம், இடம் வெளிக்காற்றில். அலகைத் தொங்கவிட்டு ஐந்து முதல் பத்து நிமிடம். எடுத்து, கறுப்புப் படலத்தை மெல்லத் துடைத்து, மறுபடி இறக்குங்கள். மூன்று நான்கு தரம் செய்தால் விரல் நகத்தில் பள்ளம் தட்டுப்படும். அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் நன்றாக ஊறவிட்டுக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவுங்கள். மேட்டை மட்டும் மிக மெல்லிய பேப்பரால் தடவினால் வெள்ளை எழும். கூர் வைப்பது கடைசியில்தான், அமிலம் விளிம்பைத் தின்னும். மிச்சக் கரைசலைக் கிணற்றடியில் ஊற்றிவிடாதீர்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து: 100 அடுக்கா, 300 அடுக்கா, எது நல்ல கத்தி?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனம் நோகிறது. அடுக்கின் எண்ணிக்கை கத்தியின் தரமல்ல. ஐந்து அடுக்கை ஆறு தரம் மடித்தால் 320. அது வரியின் நெருக்கம், வெட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வெட்டு வருவது உலையிலும் எண்ணெயிலும். காந்தம் ஒட்டாத சூட்டுக்கு ஏற்றி, எண்ணெயில் அமிழ்த்தி, பிறகு 200 பாகை செல்சியஸ் அளவில் மறுபடி சூடாக்கிப் பதம் இறக்க, அதாவது மிதமிஞ்சிய கடினத்தைத் தணிக்க வேண்டும். இது பிழைத்தால் ஆயிரம் அடுக்கும் தகரம்தான்.

விற்பவர்கள் பழைய டமாஸ்கஸ் வாளின் பெயரைச் சொல்வார்கள். பேர்பெற்ற அந்த வாள்கள் மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண்கலத்தில், உருக்கிய உருக்கு. அடுக்கி ஒட்டியது அல்ல. அந்த வாளின் புகழை இந்தக் கத்தியின் விலையில் ஏற்றுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வாங்கும்போது இரண்டே கேள்வி கேளுங்கள்: என்ன உருக்கு, எப்படிப் பதம் வைத்தீர்கள்? விளிம்பைப் பித்தளைக் கம்பியில் வைத்து மெல்ல அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். வளைந்து திரும்பினால் சரி. வளைந்தபடி நின்றால் மென்மை, உதிர்ந்தால் பதம் இறங்கவில்லை.

மல்லாவியிலிருந்து: மீன் வெட்டி இரவு தண்ணீரில் கிடந்தது, காலையில் துரு. மாற்றித் தருவார்களா?

தரமாட்டார்கள். தரவும் கூடாது. கரியுருக்கை வெட்டிய கையோடு கழுவித் துடைக்க வேண்டும் என்று எத்தனை முறை எழுதுவது?

நெடுங்கேணியிலிருந்து: என் கணவர் நினைவாக, மகனுக்கென்று முற்பணம் 10,000 ரூபா கட்டிச் செய்வித்தேன். பிடிக்கும் அலகுக்கும் நடுவில் மஞ்சள் தண்ணீர் கசிகிறது. செய்தவர் பேசவே மறுக்கிறார்.

அம்மா, பிழை உங்களுடையது அல்ல. முதிரைப் பிடியைப் பொருத்திய பிறகு அமிலத்தில் தோய்த்திருக்கிறார்கள். இடுக்கில் போனது கழுவப்படாமல் உள்ளே இரும்பைத் தின்கிறது. பிடியைக் கழற்றி, அப்பச்சோடாத் தண்ணீரில் கழுவி, திரும்பப் பொருத்த வேண்டும். அந்தச் செலவு அவருடையது. மீதிப் பணம் கொடுக்காமல் இருந்தால் கொடுக்காதீர்கள். கசிவைப் படம் எடுத்து, முற்பணச் சீட்டின் பிரதியோடு எனக்கு அனுப்புங்கள். முறைப்பாட்டுக் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.